திருமுதுகுன்றத்தில் முதுகு!

எங்கள் ஊருக்குத் தேவாரக் காலத்துப் பெயர் திருமுதுகுன்றம். முது குன்றம், அதாவது பழைய மலை. அதையே வடமொழிக்கு மாற்றி விருத்தாசலம் ஆக்கிவிட்டார்கள். தமிழாசிரியர்கள் 'முது', 'குன்றம்' என்று பிரித்துக் காட்டுவார்கள். ஆனால் நாலு தெரு நடந்து, நாலு பட்டறைக்குள் தலையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு 'முதுகு' என்று பிரிப்பதே நியாயம் என்று தோன்றும். அவ்வளவு முதுகு வலி சார், இங்கே!

காரணம் ஊரிலேயே இருக்கிறது. இது செராமிக் ஊர். செராமிக் படிப்புக்கென்றே அரசாங்கப் பயிலகம், செராமிக் தொழிற்பேட்டை எல்லாம் உண்டு. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மூன்றையும் தண்ணீர் விட்டு மில்லில் அரைத்து, பாயசப் பதத்தில் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரை உறிஞ்சியதும் மிச்சத்தைக் கவிழ்த்து, காய வைத்து, விளிம்பு சீவி, கலர் அடித்து, சூளையில் அடுக்கி, சுட்டு, இறக்கி, பெட்டி கட்டி... ஒரு கொலு பொம்மை கடைக்குப் போவதற்குள் எத்தனை தடவை ஆட்கள் குனிந்து நிமிர்கிறார்கள் என்று ஒரு நாள் எண்ண ஆரம்பித்தேன். இருபதுக்கு மேல் கணக்கு விட்டுப் போய்விட்டது. பொம்மை மட்டும் நிமிர்ந்து நிற்கிறது!

இந்த ஊரில் 'முதுகு வலிக்குது' என்று வாயைத் திறந்தால் போதும். டீக்கடை பெஞ்சு மெடிக்கல் போர்டாக மாறிவிடும்.

"இரட்டைப் பிள்ளை பெத்தவங்க உருவி விட்டா ஓடிப் போயிடும் தம்பி" என்பார் ஒருவர்.

"கால் முன்னாடி வந்து பொறந்த ஆளு யாராச்சும் இருந்தா லேசா ஒரு மிதி மிதிக்கச் சொல்லுங்க" என்பார் அடுத்தவர்.

புத்தூர் கட்டு, வர்மம், ஒத்தடம், தைலம், பெல்ட் என்று ஆளுக்கு ஒரு வழி. ஒன்றும் தோன்றாதவர், "மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல ஒரு பிராது கட்டிடுங்க" என்பார். நியாயம் கேட்டுப் பேப்பரில் எழுதிக் கட்டுகிற பிராது. முதுகு வலிக்குப் பிராது எழுதலாம்தான், எதிராளி பெயர் என்ன போடுவது என்பதுதான் பிரச்னை.

இந்த லிஸ்டில் லேட்டஸ்டாகச் சேர்ந்திருப்பது கைரோபிராக்டிக். நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். இன்னொருவர் இடுப்பில் ஒரு அமுக்கு, கழுத்தில் ஒரு திருகு. 'மடக்... மடக்...' என்று முறுக்கு ஒடிகிற சத்தம். படுத்திருந்தவர் எழுந்து, மோட்சம் கிடைத்தவர் மாதிரி சிரிப்பார்.

அதைப் பார்த்துவிட்டு நெய்வேலி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 'பையன் பிளஸ் டூ படிக்கிறான். ஸ்கூல் டீமில் ஃபாஸ்ட் பௌலர். ஒரு மாசமாக இடுப்புக்கு மேலே வலி. சென்னையில் கைரோபிராக்டிக் பண்ணுகிறார்களாம், ஒரே சொடுக்கில் சரியாகிவிடுமாம். கூட்டிப் போகலாமா?'

பி.காம். படித்தவனிடம் முதுகெலும்பைப் பற்றிக் கேட்கிறாரே என்று முதலில் தயங்கினேன். அப்புறம் தோன்றியது, இதுவும் ஒரு கணக்கு வழக்கு சமாசாரம்தான். வரவை யார் பெயரில் எழுதுவது, பற்றை யார் தலையில் கட்டுவது என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும்.

முதலில் இந்தச் சொடுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

1895 செப்டம்பர். அமெரிக்காவில் அயோவா மாநிலம், டாவன்போர்ட் என்கிற ஊர். டி.டி.பால்மர் என்று ஒருவர். அதற்கு முன்னால் மளிகை வியாபாரம்கூடப் பார்த்தவர், அப்போது காந்த வைத்தியம் பண்ணிக் கொண்டிருந்தார். அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்ட் என்பவருக்குக் காது சரியாகக் கேட்காது. குனிந்து வேலை செய்யும்போது முதுகில் ஏதோ 'சடக்'கென்றது, அதிலிருந்துதான் காது போச்சு என்று சொன்னார். பால்மர் அவர் முதுகைத் தடவிப் பார்த்து, துருத்திக் கொண்டிருந்த இடத்தில் ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினார். காது கேட்டுவிட்டதாம்!

கேட்கிற நரம்பு காதிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. எல்லாம் மண்டைக்குள்ளேயே. முதுகுப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் பால்மர் அதோடு விடவில்லை. மனிதனுக்கு வருகிற நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதுகெலும்பு பிசகுவதால்தான் வருகின்றன என்று அடித்துச் சொன்னார். கிரேக்க மொழியில் 'கை', 'செயல்' என்கிற இரண்டு சொற்களை ஒட்டி வைத்தியத்துக்குப் பெயரும் வைத்து, 1897-ல் பள்ளிக்கூடமே ஆரம்பித்துவிட்டார். 1906-ல் லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காகச் சிறைக்கும் போய் வந்தார்.

அந்தத் தொண்ணூற்றைந்து சதவீதக் கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்றுக் கொள்ளவில்லை. ஆனால் அமெரிக்காவில் இன்று கைரோபிராக்டிக் வருஷக்கணக்கில் படித்து, லைசென்ஸ் வாங்கிச் செய்கிற தொழில். நம் நாட்டில் அதற்குத் தனிக் கவுன்சில் கிடையாது. ஆகவே போர்டு மாட்டியிருப்பவர் எங்கே, எத்தனை வருஷம் படித்தார் என்று விசாரிக்கிற வேலை நம் தலையில்.

உடனே 'வெள்ளைக்காரன் சொடுக்கினால் வைத்தியம், நம்ம ஆள் மிதித்தால் மூடநம்பிக்கையா?' என்று சண்டைக்கு வராதீர்கள். ஹிப்போகிரடிஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே, நோயாளியைப் பலகையில் கட்டி இழுத்து, முதுகில் காலால் அழுத்துகிற முறை இருக்கிறது. மிதிப்பதில் உலகமே ஒற்றுமை!

சரி, அந்த 'மடக்' சத்தம்?

விலகின எலும்பு திரும்ப இடத்தில் உட்காருகிற சத்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை. மூட்டுக்குள் எண்ணெய் போட்ட மாதிரி ஒரு திரவம் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயுக் குமிழி உண்டாகிறது. சத்தம் அந்த நேரத்தில்தான். 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலை இழுத்துச் சொடுக்கும்போதே ஸ்கேன் படம் எடுத்துக் காட்டிவிட்டார்கள். சோடா பாட்டில் சமாசாரம். சத்தம் வந்ததாலேயே சரியாகிவிட்டது என்றும் இல்லை, வராததாலேயே வீண் என்றும் இல்லை.

சொடுக்குப் போட்டால் மூட்டுத் தேயும் என்று பாட்டிகள் அதட்டுவார்கள் அல்லவா? கலிஃபோர்னியாவில் டொனால்ட் அங்கர் என்கிற டாக்டர், அறுபது வருஷத்துக்கு மேல் இடது கை விரல்களை மட்டும் தினமும் சொடுக்கிக் கொண்டே வந்தார். வலது கையைத் தொடவில்லை. கடைசியில் இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்த்து, 'எந்தக் கையிலும் மூட்டு நோய் இல்லை' என்று அறிவித்தார். சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசை 2009-ல் அவருக்குக் கொடுத்தார்கள். அறுபது வருஷப் பொறுமைக்கே கொடுக்கலாம்.

இனி முக்கியமான கேள்வி. சொடுக்கினால் வலி குறையுமா?

குறையும், கொஞ்சம். புதிதாக வந்த இடுப்பு வலிக்கு இப்படிக் கையால் அழுத்தித் திருப்புகிற சிகிச்சையைப் பற்றிய 26 ஆய்வுகளை 2017-ல் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். வலியைப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டால், ஏறக்குறைய ஒரு மார்க் குறைகிறது. நீண்ட நாள் இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியிலும், உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல் இவற்றோடு மசாஜும் கையால் செய்கிற இந்த சிகிச்சையும் இடம் பெற்றிருக்கின்றன. அதே வழிகாட்டி, இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுப்பதும் வழக்கமாகத் தர வேண்டியவை அல்ல என்கிறது. எங்கள் ஊரில் பாதிப் பேர் சட்டைக்குள் பெல்ட் போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டு என்னைத் தேடாதீர்கள்.

ஆக, ஒரு மார்க். மிச்சம் ஒன்பது மார்க்கை யார் போடுகிறார்கள்? இங்கேதான் என் பி.காம். உதவிக்கு வருகிறது.

மூன்று வருஷம் முன்பு, கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். பேனா கைக்கு வந்தது, நான் மேலே வரவில்லை. முதல் நாள் தைலம். மூன்றாம் நாள் பக்கத்துத் தெருவில் இரட்டைப் பிள்ளை பெற்ற அத்தை வந்து உருவி விட்டார். ஐந்தாம் நாள் மச்சான் பெல்ட் வாங்கி வந்தார். ஏழாம் நாள் டாக்டர் பரிசோதித்துவிட்டு மாத்திரை எழுதி, 'படுத்தே கிடக்காதீங்க, முடிஞ்ச வரை நடமாடுங்க' என்றார். பத்தாம் நாள் மாமனார் வற்புறுத்தி, வர்மம் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் எழுந்தேன். வலி போயே போச்சு!

அவ்வளவுதான், அத்தை வரவு வைத்துக் கொண்டார். மச்சான் வரவு வைத்துக் கொண்டார். மாமனார் ஊரெல்லாம் ரசீது கொடுத்துவிட்டார். ஒரே வரவை ஐந்து பேரேட்டில் எழுதினால் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? என் மனைவி மட்டும் அமைதியாகக் கேட்டாள். "பன்னெண்டு நாளும் உங்க வேலையையும் சேர்த்து நான்தான் குனிஞ்சு குனிஞ்சு செஞ்சேன். அது எந்தக் கணக்குலங்க வருது?"

கணக்கை நேர் பண்ணினால், பெரும் வரவு காலத்தின் பெயரில்தான் எழுத வேண்டும். அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி இதைப் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது: திடீரென்று வருகிற இடுப்பு வலி, எந்த வைத்தியம் பண்ணினாலும் பண்ணாவிட்டாலும், பெரும்பாலானவர்களுக்கு நாளடைவில் குறைந்துவிடும். கடைசியாக யார் கை வைத்தாரோ அவருக்குப் புகழ்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் போச்சு என்கிறீர்களா? அதிலும் ஒரு வேடிக்கை. முதுகு வலியே இல்லாத 3,110 பேருடைய ஸ்கேன்களை 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு முப்பது பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. எண்பது வயதில் எண்பத்து நாலு பேருக்கு! அவர்கள் யாருக்கும் வலி இல்லை. நரைத்த முடி மாதிரி, அதுவும் வயசின் அடையாளம். ஆகவே டிஸ்க் என்ற வார்த்தையைக் கேட்டதுமே உயில் எழுத உட்கார வேண்டியதில்லை.

'அப்படியென்றால் சும்மா இருந்தால் போதுமே' என்று முடித்துவிடலாம் என்றால், நெய்வேலிப் பையன் நினைவுக்கு வருகிறான். அங்கேதான் விஷயம் கொஞ்சம் சீரியஸாகிறது.

1999 ஜனவரி 31, சேப்பாக்கம். நான் மூன்றாம் வகுப்பு. பாகிஸ்தானை ஜெயிக்க 271 ரன். டெண்டுல்கர் முதுகைப் பிடித்துக் கொண்டே ஆடுகிறார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முகம் சுளிக்கிறது. வலி தாங்காமல் இனி சீக்கிரம் முடித்துவிடலாம் என்று தூக்கி அடிக்கிறார். 136 ரன்னில், சக்லைன் முஷ்டாக் பந்தில் காட்ச். இன்னும் 17 ரன்தான் வேண்டும், கையில் மூன்று விக்கெட். நாலே ரன்னில் மூன்றும் போய், 12 ரன்னில் தோற்றோம். தமிழ்நாட்டில் பல வீடுகளில் அன்று ராத்திரி சாப்பாடு மிச்சம். ஒரு முதுகு ஒரு தேசத்தையே குனிய வைத்த நாள் அது.

டெண்டுல்கருக்கு அன்று வந்தது தசைப்பிடிப்பு. வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வருவதோ வேறு ஜாதி. ஓடி வந்து, முன்னங்காலை ஓங்கி ஊன்றி, உடம்பை வளைத்துத் திருகிப் பந்தை விடும்போது, உடம்பு எடையைப் போலப் பல மடங்கு பாரம் இடுப்புப் பக்கத்து எலும்பில் இறங்குகிறது. ஒரு நாளில் நூறு தடவை, வருஷம் பூராவும். எலும்பு களைத்துப் போய் மயிரிழை விரிசல் விடுகிறது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு 1973-ல் இதுதான் வந்தது. எங்கள் ஊர் அச்சு மாதிரி உடம்போடு பிளாஸ்டர் போட்டு வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். நம் பும்ராவுக்கு 2023 மார்ச்சில் முதுகில் ஆபரேஷன் பண்ணி, ஆகஸ்டில்தான் மறுபடி மைதானத்துக்கு வந்தார்.

இளம் பௌலர்களுக்கு இது அதிகம், எலும்பு இன்னும் முற்றாத வயசு. ஒரு பக்கமாக வலி, பந்து போட்டால் அதிகம், பின்னால் வளைந்தால் சுரீர் என்கிறது, வாரக்கணக்கில் போகவில்லை என்றால், முதலில் விரிசல் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். விரிசலுக்கு மருந்து பந்து போடாமல் ஓய்வு, மாதக் கணக்கில். அப்புறம் படிப்படியாகப் பயிற்சி.

எங்கள் சூளைக்காரர்களைக் கேளுங்கள். விரிசல் விட்ட ஜாடியை அமுக்கிச் சரி பண்ண முடியுமா? அவர்கள் ஜாடியை விரல் முட்டியால் தட்டி, 'டங்' என்றால் நல்ல சரக்கு, 'டொக்' என்றால் ஓரமாக வைத்துவிடுவார்கள். தட்டிக் கேட்ட பிறகுதான் பெட்டியில் அடுக்குவார்கள். மனுஷ முதுகைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வாயால்தான் கேட்க வேண்டும்.

நான் சொல்ல வருவது அதைத்தான். கைரோபிராக்டிக்கோ, பிசியோதெரபியோ, வர்மமோ, சித்தாவில் சொல்கிற தொக்கணமோ, கை யாருடையது என்பது அடுத்த பட்சம். கை வைப்பதற்கு முன்னால் அவர் கேள்வி கேட்டாரா? கேட்டால் உட்காருங்கள். கேட்காமல் 'படுங்க' என்றால், செருப்பை மாட்டிக் கொண்டு கிளம்பிவிடுங்கள்.

என்னென்ன கேட்க வேண்டும்?

'ஒண்ணுக்குப் போக சிரமமா இருக்கா? கட்டுப்பாடு இல்லாம போகுதா? உட்கார்ற இடம் மரத்துப் போச்சா? ரெண்டு காலும் தளர்றதா?' இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அது எமர்ஜென்சி. அடிமுதுகில் நரம்புக் கொத்து நசுங்குகிறது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பு.

'சாயங்காலம் காய்ச்சல் வருதா? எடை குறையுதா? ராத்திரி வேர்க்குதா?' முதுகெலும்பில் டி.பி. வரும் என்பது பலருக்குத் தெரியாது. பெர்சிவல் பாட் என்கிற ஆங்கிலேய சர்ஜன் 1779-லேயே இந்த முதுகு நோயை விவரித்து எழுதிவிட்டார். நம் நாட்டில் இன்றும் வருகிறது, மாத்திரையில் குணமாகிறது. அரித்துப் போன எலும்பைத் திருகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா?

'விழுந்தீங்களா? புற்றுநோய்க்கு வைத்தியம் பண்ணியிருக்கா? ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறீங்களா?' வயதானவர்கள் என்றால் எலும்பு மெலிந்திருக்கும். சும்மா உட்கார்ந்ததிலேயே நொறுங்குவதுண்டு.

'வலி காலுக்கு இறங்குதா?' சுந்தரர் எங்கள் ஊரில் கிடைத்த பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். முதுகு நரம்பும் அந்த ரகம்தான். அழுத்தம் இடுப்பில், வலி கெண்டைக்காலில்! காலை மட்டும் தைலம் போட்டு உருவிக் கொண்டிருந்தால் பொன் அகப்படாது.

கழுத்துக்குத் தனி எச்சரிக்கை. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு 'மடக்', அந்தப் பக்கம் ஒரு 'மடக்' என்று இலவச இணைப்பு தருவார்களே, அதை அன்போடு மறுத்துவிடுங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டு போகிற குழாய்கள் கழுத்தெலும்புக்குள் நுழைந்து போகின்றன. திடீர்த் திருகலில் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. அபூர்வம்தான். ஆனால் அந்த அபூர்வத்துக்கு வருவது நம் கழுத்தாக இருந்தால்?

கபடிப் பையன்களுக்கும் ஒன்று. கணுக்கால் பிசகினால் உடனே உருவி விடக் கிளம்பாதீர்கள். 1992-ல் கனடாவின் ஆட்டவாவில் டாக்டர்கள் சுலபமான விதி ஒன்று வகுத்தார்கள். அடிபட்ட காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலி உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே. இல்லையென்றால் பெரும்பாலும் சுளுக்குதான். நாலே அடி, பைசா செலவில்லை.

இவ்வளவு கேள்வியையும் கேட்கிற கை கிடைத்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. டாக்டர், பிசியோ, வர்மக்காரர், அத்தை என்று யாருமே கேட்காத கேள்வி.

'எத்தனை கிலோ தூக்கறீங்க?'

டெண்டுல்கருக்கு 1999-ல் வலித்தது. அதே 1999-ல் ஜெர்மனியில் வில்கே என்கிற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் ஒரு காரியம் பண்ணினார்கள். தன்னார்வலர் ஒருவருடைய முதுகு டிஸ்குக்குள் அழுத்தம் அளக்கும் கருவியை வைத்து, நிற்க, உட்கார, தூக்கச் சொல்லி அளந்தார்கள். அதை நம்ம ரூபாய்க் கணக்கில் சொல்கிறேன். சும்மா நிற்கும்போது டிஸ்கில் அழுத்தம் ஒரு ரூபாய் என்றால், முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோவைத் தூக்கும்போது 4 ரூபாய் 60 காசு. முழங்காலை மடக்கித் தூக்கினால் 3 ரூபாய் 40 காசு. தூக்கியதை உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டால் 2 ரூபாய் 20 காசு.

இருபது கிலோவுக்கே இந்தச் செலவு. தொழிலாளர் நலத்துக்கான அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிறுவனம் 1991-ல் திருத்திப் போட்ட கணக்கில், எல்லாம் வசதியாக அமைந்திருந்தாலும் ஒருவர் தூக்குவதற்குச் சிபாரிசு பண்ணுகிற உச்ச அளவு 23 கிலோ. எங்கள் தெருவில் லாரியிலிருந்து இறங்குகிற மூட்டை 50 கிலோ.

எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை அண்ணன் இருக்கிறார். வயசு நாற்பத்தைந்து. மூட்டை இறக்குவார், கரைசல் நிரம்பிய அச்சைப் புரட்டுவார், சூளை அடுக்குவார். வருஷத்தில் இரண்டு தடவை முதுகு பிடித்துக் கொள்ளும்.

"டாக்டர் என்ன சொன்னாரு அண்ணே?" என்றேன்.

"ரெண்டு வாரம் வெயிட்டு தூக்கக் கூடாதுன்னாரு தம்பி."

"தூக்காம இருந்தீங்களா?"

சிரித்தார். "நாள் கூலிப்பா. ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படி இறங்கறது எல்லாருக்கும் சுலுவு. ஏறி வர்றப்பதான் தெரியும்."

பெரிய ஆட்டக்காரருக்கு வலித்தால் பிசியோ மைதானத்துக்கே ஓடி வருகிறார். பும்ரா ஓய்வெடுத்தால் சம்பளம் நிற்பதில்லை. இந்த அண்ணன் முதுகிலும் அதே எலும்பு, அதே டிஸ்க். ஓய்வெடுத்தால் அடுப்பு எரியாது. வைத்தியம் பண்ணிக் கொள்வார், பன்னிரண்டு நாளில் சரியாகும், பதின்மூன்றாம் நாள் அதே 50 கிலோ. பற்று எழுதிக் கொண்டே இருக்கிற கணக்கில் வரவு எப்படி நிற்கும்?

'முட்டியை மடக்கித் தூக்கு' என்று போஸ்டர் ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிற முதலாளிகளுக்கு ஒரு செய்தி. இப்படிச் சொல்லிக் கொடுத்தால் முதுகு வலி குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2011-ல் வெளியிட்டார்கள். வெறும் பாடம் நடத்துவதால் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மாற வேண்டியது ஆள் அல்ல, மூட்டை. ஐம்பது கிலோவை இரண்டு இருபத்தைந்தாகக் கட்டித் தரச் சொல்லலாம். ஒரு தள்ளுவண்டி வாங்கலாம். அச்சு வைக்கிற பலகையைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றலாம். கொல்லத்துக்காரர் ஒருவர் அரை நாளில் செங்கல் வைத்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். பெல்ட்டும் தைலமும் வருஷா வருஷம் வாங்குகிற காசில் இதெல்லாம் ஆகிவிடும்.

நெய்வேலி சார்! பையனை முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். விரிசல் இல்லை என்று சொல்லிவிட்டால், முறையாகப் படித்த பிசியோவிடம் பயிற்சி பழகட்டும். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிற ஏற்பாடு உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அப்புறமும் சொடுக்கித்தான் ஆக வேண்டும் என்று ஆசையாக இருந்தால், கேள்வி கேட்கிற கையாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள், கழுத்தை மட்டும் விட்டுவிட்டு. முக்கியமாக, ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் போடுகிறான் என்று கோச்சிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் சின்னப் பையன்கள் தொடர்ந்து எத்தனை ஓவர் போடலாம் என்று வயதுவாரியாக வரம்பே வைத்திருக்கிறார்கள். பையனுக்கு ஓவர், பட்டறை அண்ணனுக்கு மூட்டை. இரண்டும் ஒரே கேள்வி.

அந்தப் பட்டறையில் இந்த வாரம் கேட்டுப் பார்த்தேன். முதலாளி தலையைச் சொறிந்தபடி, "மூட்டையைப் பிரிச்சுக் கட்டினா சாக்குச் செலவு டபுள் ஆகுமே சார்" என்றார்.

"சாக்கு சொல்லாதீங்க" என்றேன். தள்ளுவண்டி என்ன விலை என்று விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். வாங்குகிறாரா என்று அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.